திருப்பி அடித்த நம்பர் பிளேட்

"என் காருக்கு நம்பர் தர மாட்டேன்னு சொல்ல நீ யாரு லிபி? கவர்னரா?"

கில்பர்ட் யானெக் இரண்டு கையையும் கவுன்ட்டரில் ஊன்றிக்கொண்டு கேட்டார். பெரிய தொப்பை, பெரிய தொப்பி, அதைவிடப் பெரிய குரல். கவுன்ட்டி வரி ஆபீஸில் வரிசையில் நின்றவர்கள் வந்த வேலையை மறந்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். விசோகா மாதிரி சின்ன ஊரில் சண்டை என்றால் டிக்கெட் இல்லாத சினிமா.

லிபி சுலக் டிராயர் சாவியைக் கைக்குள் பொத்திக்கொண்டாள். வண்டிப் பதிவு மேஜை அவளுடையது. யாரிடமும் முகம் சுளிக்காதவள் என்று பெயர் எடுத்தவள். இன்று அந்த முகத்தில் ரத்தமே இல்லை. தான் போன் செய்து வரச்சொன்ன மிலாடா கோவாரின் தலை வாசலில் தெரிந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

மிலாடா ஷெரீப் ஆபீஸில் குப்பை கொட்டியது போதும் என்று விலகி, தனியாகத் துப்பறியும் ஏஜென்சி நடத்துகிறவள். ஐம்பதைத் தாண்டியாகிவிட்டது. பேச்சு குறைவு. அந்தக் குறையை வட்டியோடு தீர்க்கவே பிறந்தவன் போல் அவள் பின்னால் வந்தான் உதவியாளன் நெஸ்டர் சலினாஸ்.

"என்னண்ணே, இவ்வளவு சூடா இருக்கீங்க?" என்றான் நெஸ்டர். "உங்க தொப்பியில ஒரு முட்டையை உடைச்சு ஊத்தினா எனக்குக் காலைப் பலகாரம் ஆயிடும்."

"சிரிக்காதே தம்பி. வெளியில பாரு, என் ஷெவர்லே. ஐம்பத்தேழாம் வருஷ மாடல். ஒவ்வொரு திருகாணியும் அந்த வருஷத்துது. நம்பர் பிளேட் மட்டும்தான் பாக்கி. ஜோடி கிடைக்காம நாயா அலைஞ்சு, கடைசியில கிடைச்சுது. பதிய வந்தா இந்தம்மா வாங்கி டிராயர்ல வெச்சுப் பூட்டிட்டா."

பழைய காருக்கு அது பிறந்த வருஷத்துப் பிளேட்டையே மாட்டிக்கொள்ள டெக்சாஸில் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் பிளேட் அசலாக இருக்க வேண்டும், முன்னும் பின்னும் ஜோடி சேர்ந்திருக்க வேண்டும், எழுத்து பளிச்சென்று படிக்க வர வேண்டும், அந்த நம்பரில் வேறு வண்டி எதுவும் ஓடக்கூடாது. ஆபீஸில் கொண்டுவந்து காட்டி ஒப்புதல் வாங்கிவிட்டால் போதும், கிழட்டு வண்டிக்கு அதன் சொந்த வயசு திரும்பிவிடும். கில்பர்ட் போன்றவர்களுக்கு அது பேரன் பிறந்த சந்தோஷம்.

"போலியா லிபி?" என்று மிலாடா கேட்டாள்.

"போலியா இருந்தா நல்லா இருந்திருக்கும்." லிபி டிராயரைத் திறந்து இரண்டு தகடுகளையும் எடுத்து வைத்தாள். பி.ஆர். 4417. பிறகு தன் கைப்பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

பழைய ஹட்சன் கார். முன்பக்க மட்கார்டில் உட்கார்ந்திருக்கும் கைக்குழந்தை. குழந்தை விழாமல் ஒரு கையால் பிடித்தபடி வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரிக்கும் இளைஞன். அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் பிளேட் தெளிவாகத் தெரிந்தது. பி.ஆர். 4417.

"எங்கப்பா. அந்தக் குழந்தை நான்" என்றாள் லிபி.

கில்பர்ட் தொப்பியைக் கழற்றினார். ஃபிராங்க் சுலக் கதை அந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது? முப்பத்தேழு வருஷத்துக்கு முன்னால், அதே ஐம்பத்தேழில், பருத்தி எடுக்கிற பருவத்தில், பெண்டாட்டியையும் பிள்ளையையும் விட்டுவிட்டு எவளோ ஒருத்தியோடு ஹூஸ்டன் பக்கம் ஓடிப்போனவன். ஹட்சன் காரிலேயே போய்விட்டான், பெட்டியோடு ஹைவேயில் பார்த்தார்கள் என்று ஊர் சொன்னது. ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? லிபி பள்ளிக்கூடம் போன காலத்தில் அவளுக்குப் பெயரே 'ஓடிப்போனவன் மகள்'தான்.

"ஐம்பத்தேழாம் வருஷப் பதிவுகளையெல்லாம் அரசாங்கம் எப்பவோ அழிச்சிட்டுது" என்றாள் லிபி. "இந்த நம்பர் யாருதுன்னு உலகத்துல எனக்கு மட்டும்தான் தெரியும். எங்கம்மா சாகுற வரைக்கும் தினம் தபால்பெட்டிக்கு நடந்தாங்க மிலாடாக்கா. ஒரு கடுதாசி வரும்னு. போன குளிர்காலத்துல பனியில கூட நடந்தாங்க. அப்பா நிஜமாவே எங்களை விட்டுட்டுப் போனாரா? அது ஒண்ணுதான் எனக்குத் தெரியணும். ஆமான்னு வந்தாலும் சரி."

மிலாடா தகடுகளைப் புரட்டிப் பார்த்தாள். முகம் நேற்று அச்சடித்தது போல் இருந்தது. முதுகு முழுவதும் துரு. நாலு மூலையிலும் ஆணி ஓட்டை. முதுகுப் பக்கம் ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் துரு ஏறாத ஒரு சின்ன வட்டம், அதன் விளிம்பில் பல் பல்லாக அடையாளம்.

"நெஸ்டர், உனக்கு வயசானா முதல்ல எது வெளுக்கும்?"

"தலைமுடி மேடம். உங்ககிட்ட வேலை பார்த்தா சீக்கிரமே."

"கார்ல ஓடின பிளேட்டுக்கும் அப்படித்தான். வெயில் மழையெல்லாம் முகத்துல. முதுகு பத்திரமா இருக்கும். இது தலைகீழா இருக்கு பாரு. முகத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பி எங்கேயோ அடிச்சிருக்காங்க. ரெண்டையும். ஓடிப்போனவன் கார்ல இருக்க வேண்டிய ரெண்டும் சுவத்துல இருந்தா?"

நெஸ்டர் ஜோக் அடிக்கவில்லை. "கார் போகவே இல்ல" என்றான்.

லிபி நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"எங்க வாங்கினீங்கண்ணே?" என்று மிலாடா கில்பர்ட்டைக் கேட்டாள்.

கில்பர்ட்டின் குரல் பாதியாகக் குறைந்திருந்தது. "ஹோயல்கிட்ட. நெடுஞ்சாலைச் சந்தையில தகரம் விக்கிறவன். நம்பர் எனக்கு வேணாம்மா லிபி. நீயே வெச்சுக்கோ."

*

ஹோயல் பழைய சாமான் சந்தையில் ஒரு கூடாரத்துக்குக் கீழே உட்கார்ந்து, வேகவைத்த கடலையைத் தோலோடு மென்றுகொண்டிருந்தான். அவனைச் சுற்றி உலகத்தின் துரு மொத்தமும் குவிந்து கிடந்தது.

"என்னோடது என்ன திருட்டுச் சாமானா? ரசீது வேணுமா?" என்றான் வந்தவர்களைப் பார்த்ததும்.

"கேக்காமலே ரசீது குடுக்கிறவனை நான் நம்பறதில்ல" என்றான் நெஸ்டர்.

மிலாடா பிளேட்டை நீட்டினாள். ஹோயலுக்கு உடனே ஞாபகம் வந்தது.

"ஓட்டோ லெசிகர் பண்ணையில எடுத்தது. கிழவர் செத்ததும் சொந்தக்காரன் நிலத்தை ஒரு டாக்டருக்கு வித்துட்டான். டாக்டருக்குப் பழைய சோளக்கிடங்கு கண்ணை உறுத்திச்சாம். பிரிச்சு எடுத்துக்கோன்னார். எலி ஓட்டையெல்லாம் நம்பர் பிளேட்டா வெச்சு அடைச்சிருந்தாங்க. இந்தப் பக்கத்துல எல்லார் வீட்டுக் கிடங்கும் அப்படித்தான்."

உண்மைதான். வருஷா வருஷம் புதுப் பிளேட் கொடுத்த காலம் அது. போன வருஷத்துத் தகட்டைத் தூக்கி எறிய செக் நாட்டிலிருந்து வந்து குடியேறிய அந்த விவசாயிகள் என்ன கிறுக்கர்களா? வளைந்த ஆணியைக்கூடத் தட்டி நிமிர்த்தி வைத்துக்கொள்கிறவர்கள். பழைய பிளேட் எலிப்பொந்தை அடைக்கப் போகும்.

"எல்லாத்தையும் முகத்தைத் திருப்பியா அடிச்சிருந்தாங்க?"

"அதான் இல்ல. மத்ததெல்லாம் நம்பர் வெளியில தெரியற மாதிரி. பாருங்க, எல்லாம் வெளுத்துப் போய்க் கெடக்கு, ஒருத்தனும் சீந்த மாட்டேங்கிறான். இந்த ரெண்டு மட்டும் குப்புற. அதனாலதான் பெயின்ட் தப்பிச்சுது. பதிவு ஆபீஸ்ல எழுத்து படிக்க வரணும்ல, இதைப் பார்த்ததும் கில்பர்ட்டுக்கு எச்சில் ஊறிடுச்சு."

அதாவது, நம்பரை மறைக்க ஒருத்தன் செய்த தந்திரம்தான் நம்பரைக் காப்பாற்றி வைத்திருந்தது. மிலாடாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"இந்த வட்டம் என்ன?" என்று முதுகுப்பக்கத்தைக் காட்டினாள்.

ஹோயல் ஒரு ஜாடியைக் கவிழ்த்தான். துருப்பிடித்த ஆணிகள், ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு நசுங்கிய பீர் மூடி. "ஆணித்தலைக்கு அடியில மூடியை வெச்சு அடிச்சிருந்தான். தகரம் காத்துல கிழியாது. கெட்டிக்காரன். இந்த ரெண்டுக்கு மட்டும்தான் மூடி. மத்ததெல்லாம் வெறும் ஆணி."

நெஸ்டர் ஒரு மூடியை எடுத்துப் பார்த்தான். "கொலை பண்ணிட்டு எட்டு பீர் குடிச்சிருக்கான் மேடம். இல்ல எட்டு பீர் குடிச்சிட்டுக் கொலை பண்ணிருக்கான்."

*

காரில் திரும்பும்போது நெஸ்டர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டான்.

"கேஸ் முடிஞ்சுது. ஓட்டோ லெசிகர். கல்யாணமே பண்ணிக்காதவர். லிபியோட அம்மாவுக்கு வருஷா வருஷம் ஒரு கூடை பேரிக்காய் கொண்டுபோய் வாசல்ல வெச்சிட்டு வாயே திறக்காம வருவாராம். ஊர்ல கண்ணடிக்காத ஆள் இல்ல. புருஷனைத் தீர்த்துட்டு, பேரிக்காயோட நின்னிருக்கார். ஷெரீப்கிட்டச் சொன்னா குதிப்பார். குற்றவாளி ஏற்கனவே செத்துட்டா கோர்ட்டுச் செலவு மிச்சம்."

"ஓட்டோ கோயிலுக்கு எதுல வருவார் தெரியுமா?"

"குதிரையிலயா?"

"டிராக்டர்ல. ஞாயித்துக்கிழமை கோட்டு டை போட்டு, டிராக்டர்ல. சின்ன வயசுல நாங்க பின்னாடியே ஓடுவோம். ஆயுசுல அவர் ஒரு கார் வாங்கினதில்ல."

நெஸ்டரின் தாளம் நின்றது. மிலாடா சொல்லிக்கொண்டு போனாள். "கார் இல்லாதவர் கிடங்குல அத்தனை கார் பிளேட் எங்கேயிருந்து வந்துது? ஹோயல் காட்டினது எல்லாமே கார் பிளேட். அவர் அடிக்கல. வேற யாரோ, அவங்கவங்க வீட்டுத் தகரத்தைக் கொண்டுவந்து அடிச்சிருக்காங்க."

"செத்தவர் மேல பழி போடறது எவ்வளவு சுலபம் பாருங்க" என்றான் நெஸ்டர். "எதிர்த்துப் பேச மாட்டார். நானே ரெண்டு நிமிஷத்துல தூக்குல போட்டுட்டேன்."

வரி ஆபீஸுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னதும் லிபியே வழி காட்டினாள். ஓட்டோவுக்குப் பக்கத்துப் பண்ணை அவளுடைய தாய்மாமன் அல்போன்ஸ் கோசினாவுடையது. அப்பா போன பிறகு அம்மாவையும் அவளையும் அழைத்துப் போய்ச் சோறு போட்டு ஆளாக்கியவர். "அந்தக் காலத்துல ஓட்டோ பண்ணையில யார் யார் வந்து போனாங்கன்னு மாமாவுக்குத் தெரியாம இருக்காது. மத்தியானச் சாப்பாட்டுக்கு நானும் அங்கதான் போறேன். வந்துடுங்க. அப்பாவைப் பத்திப் பேசினாலே அவருக்குக் கண்ணு கலங்கிடும், பார்த்துப் பேசுங்க."

*

அல்போன்ஸ் கோசினாவுக்கு எழுபதைத் தாண்டியும் முதுகு வளையவில்லை. வாசலிலேயே வரவேற்றார். சமையலறை மேஜையில் கோழிச்சாறு நூடுல்ஸோடு ஆவி பறந்தது. கசகசா வைத்துச் சுட்ட கொலாச்சே பன் ஒரு தட்டு நிறைய. லிபி அந்த வீட்டின் மகளாகவே கரண்டி எங்கே, உப்பு எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்து வைத்தாள்.

"சாப்பிடு மிலாடா. உங்க அப்பன் என்கூட டாரக் சீட்டு ஆடினவன். ஏமாத்தி ஆடுவான், ஆனா நல்ல மனுஷன்."

மிலாடா கரண்டியை எடுத்தாள். வரும் வழியில் கோழிக்கூண்டைத் தாண்டிதான் வந்திருந்தாள். கம்பிவலையை மரச்சட்டத்தில் அடித்திருந்த ஆணிகளைப் பார்த்தும் இருந்தாள். இப்போது கரண்டியால் சாற்றைக் கிளறிக்கொண்டே இருந்தாள். தப்பாக இருக்கட்டும், ஊரெல்லாம் இதே வழக்கம் என்று யாராவது சொல்லட்டும் என்று அவள் மனசு வேண்டிக்கொண்டது.

"ஓட்டோவோட சோளக்கிடங்கைப் பத்திக் கேக்கணும்ணே. அதுல எலி ஓட்டையை அடைச்சது யாரு?"

"நாங்கதான்" என்றார் அல்போன்ஸ் கொஞ்சமும் தயங்காமல். "பருத்தி வண்டியிலேருந்து விழுந்து ஓட்டோவுக்கு இடுப்பு போச்சு. சோளம் அறுப்புக்கு நிக்குது. ஒருத்தன் விழுந்தா அக்கம்பக்கத்துக்காரன் போய் நிக்கிறதுதானே எங்க ஆளுங்க வழக்கம். நாலஞ்சு பேர் போய் அறுத்து, உரிச்சு, கிடங்கையும் சரி பண்ணிக் குடுத்தோம். அவனுக்குக் கார் கிடையாது, தகரம் ஏது? அவனவன் வீட்டிலேருந்து கொண்டு வந்தோம்."

"எந்த வருஷம்?"

"மழை திரும்ப வந்த வருஷம். ஐம்பத்தேழு. ஏழு வருஷப் பஞ்சத்துக்கப்புறம் வானம் பொத்துக்கிட்டு ஊத்துச்சே."

லிபி கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்போ அந்த நாலஞ்சு பேர்ல ஒருத்தர்தான் மாமா. அப்பா கார் பிளேட்டை அங்க அடிச்சவர். யார் யார் வந்தாங்கன்னு யோசிச்சுச் சொல்லுங்க."

"எல்லாம் செத்துட்டாங்கம்மா. இப்போ கிளறி என்ன ஆகப்போகுது? லெசிகராவே இருக்கட்டும். அவனும் இல்ல, உங்கம்மாவும் இல்ல." அவர் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். "சூப் ஆறுது பாரு."

நெஸ்டர் ஜன்னல் வழியாகக் கோழிக்கூண்டை அப்போதுதான் பார்த்தான். என்ன பார்க்கிறோம் என்று அவனுக்கே உறைக்கவில்லை போலும். வாய் முந்திக்கொண்டது. "ஐயா, இவ்வளவு மூடியா? மொத்தத்தையும் நீங்களேவா குடிச்சீங்க?"

லிபி சிரித்துவிட்டாள். காலையிலிருந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"நீங்க வேற. மாமா மாசத்துக்கு ஒரு பீர் குடிச்சா அதிசயம். டான்ஸ் ஹால் வாசல்ல கெடக்கிற மூடியைப் பொறுக்கிட்டு வருவார். எனக்கு வெட்கமா இருக்கும். ஆணிக்கு அடியில மூடி வெச்சு அடிக்கிறது இந்த ஊர்லயே எங்க மாமா ஒருத்தர்தான். 'கோசினா ஆணி'ன்னே பேரு. எங்க பார்த்தாலும் மாமா கை பட்டதுன்னு தெரிஞ்சுக்கலாம்."

மேஜையில் யாரும் அசையவில்லை. லிபி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். எதற்கு எல்லோரும் இப்படி ஆகிவிட்டார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. மூடி விஷயத்தை மிலாடா அவளிடம் போனில் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தால் அவள் வாயால் இது வந்திருக்காது. மிலாடாவுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. இருந்தும் பையைத் திறந்து இரண்டு தகடுகளையும் கொலாச்சே தட்டுக்குப் பக்கத்தில் குப்புற வைத்தாள். எட்டு ஓட்டை. எட்டுப் பல் வட்டம்.

லிபி ஒரு வட்டத்தின் மேல் விரலை வைத்தாள். அப்படியே ஓரத்தைத் தடவிக்கொண்டு வந்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள்.

"மாமா?"

அல்போன்ஸ் கைகளைத் துடைத்துக்கொண்டார். எதுவும் ஒட்டியிருக்கவில்லை, இருந்தாலும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நல்ல தகரம்" என்றார் கடைசியில். "எப்படி மண்ணுக்குள்ள போடறது?"

முழுக் காரைப் புதைத்தவருக்கு இரண்டு துண்டுத் தகரத்தைப் புதைக்க மனசு வரவில்லை. தன் வீட்டில் வைத்துக்கொள்ளவும் பயம். பக்கத்து வீட்டுக்காரனுக்கு உதவியாக, நம்பர் தெரியாமல் திருப்பி, தன் வழக்கப்படி கெட்டியாக அடித்துக்கொடுத்துவிட்டார். சாமர்த்தியம், கருமித்தனம், நல்ல குணம் மூன்றும் சேர்ந்து அவர் கழுத்துக்குக் கயிறு திரித்திருந்தன.

"அப்பாவைப் பெட்டியோட ஹைவேல பார்த்ததா ஊருக்குச் சொன்னது யாரு?" என்று லிபி கேட்டாள். அவளே பதிலும் சொன்னாள். "நீங்கதான். மத்தவங்க எல்லாம் நீங்க சொன்னதைத்தான் சொன்னாங்க."

"அவன் ஓடல" என்றார் அல்போன்ஸ். "எவளோடயும் இல்ல. ஹூஸ்டன்ல எண்ணெய் ஆலையில வேலை கிடைச்சிருந்துச்சு அவனுக்கு. உங்கம்மாவையும் உன்னையும் கூட்டிட்டுப் போறேன்னு சொல்ல வந்தான். அவகிட்டக் கூட இன்னும் சொல்லலியாம், முதல்ல எனக்குச் சொல்றானாம். எனக்குன்னு யாரு இருந்தா லிபி? கல்யாணம் இல்ல, குட்டி இல்ல. ஒரு தங்கச்சி, ஒரு குழந்தை. பஞ்சத்துல அத்தனை வருஷம் பல்லைக் கடிச்சிட்டுக் கிடந்து, மழை வந்ததும் எல்லாரும் கிளம்பறாங்க. வேணாம்டான்னேன். சிரிச்சான். கையில சங்கிலி இருந்துது. ஒரே அடிதான். நான் நினைச்சு அடிக்கல."

"நினைச்சு அடிக்கல" என்று நெஸ்டர் மெதுவாகத் திரும்பச் சொன்னான். "புதைச்சது?"

அல்போன்ஸ் சூப் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். மிலாடா கண்ணைக் காட்ட, நெஸ்டர் எழுந்து சுவரில் இருந்த போனுக்குப் போனான். ஷெரீப் ஆபீஸ் எண்ணைச் சுழற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

லிபி அழுவாள் என்று மிலாடா எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை. ஆபீஸ் கவுன்ட்டரில் ஏதோ ஒரு சந்தேகம் கேட்கிற குரலில்தான் கேட்டாள்.

"கொன்னதைச் சொல்ல வேணாம் மாமா. செத்துட்டான்னு மட்டும் அம்மாகிட்டச் சொல்லியிருக்கலாமே. எங்கேயோ விபத்துன்னு ஒரு பொய். அவங்க இந்த ஜன்னலைத் தாண்டித்தானே தினம் தபால்பெட்டிக்குப் போனாங்க. நீங்க இதே நாற்காலியிலதானே உக்காந்திருந்தீங்க."

"சொன்னா, எப்படித் தெரியும்னு கேப்பாளே" என்றார் அவர்.

அவ்வளவுதான் காரணம். ஒரு பெண் வாழ்க்கை முழுவதும் தன்னை வேண்டாம் என்று தள்ளிவிட்டுப் போனவனுக்காக வெட்கப்பட்டுச் செத்ததற்கு, அவளுடைய அண்ணன் வைத்திருந்த காரணம் இவ்வளவுதான். மிலாடா எத்தனையோ கொலைகாரர்களிடம் பேசியிருக்கிறாள். ஒருத்தனையாவது அறைய வேண்டும் என்று அவளுக்குக் கை பரபரத்தது இன்றைக்குத்தான்.

"எங்கண்ணே இருக்கான் ஃபிராங்க்?"

அல்போன்ஸ் ஜன்னலுக்கு வெளியே தலையை அசைத்தார். டிராக்டர் கொட்டகை. "மழைத்தண்ணித் தொட்டிக்குன்னு தோண்டின குழி. மழை வந்துட்டதால தொட்டி தேவைப்படல. கார், அவன், எல்லாம் அதுக்குள்ள. மேல கான்கிரீட் போட்டுட்டேன்."

லிபி எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது, எடுத்து வைக்கவில்லை. முற்றத்தைக் கடந்து கொட்டகைக்கு நடந்தாள். மிலாடா பின்னாலேயே போனாள். பின்னால் நெஸ்டரும், அவன் கைப்பிடியில் கிழவரும்.

கொட்டகைக்குள் டிராக்டர் ஒரு ஓரமாக நின்றது. மீதி இடமெல்லாம் வழுவழுவென்று நல்ல தளம். ஒரு விரிசல் கிடையாது. கை சுத்தமான வேலைக்காரர் போட்டது.

"டிராக்டரை வெளியில எடுத்துட்டு, காகிதப் பூவெல்லாம் கட்டினீங்களே" என்றாள் லிபி. தளத்தைப் பார்த்தபடியே பேசினாள். "ஹாலுக்கு எதுக்கு வாடகை, நம்மகிட்டதான் நல்ல தளம் இருக்கேன்னு சொன்னீங்க. என் கல்யாண டான்ஸ் இங்கதான் நடந்துது."

"லிபி, உனக்கு நான் ஒரு குறையும் வைக்கல. பெத்தவன் கூட இப்படிப் பார்த்திருக்க மாட்டான்." அல்போன்ஸின் குரல் முதல்முறையாக உடைந்தது. "அப்பாவும் மகளும் சேர்ந்து ஆடற டான்ஸுக்குக் கூட யாரும் இல்லன்னு நீ அழுதப்போ, நான்தானே வந்து கையைப் பிடிச்சு ஆடினேன்."

"ஆமா மாமா. அவர் மேல நின்னுதான் ஆடினோம்."

தூரத்தில் சைரன் கேட்டது. லிபி செருப்பைக் கழற்றிவிட்டுத் தளத்தின் நடுவில் போய் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் கீழே பரப்பி வைத்துக்கொண்டாள். ஷெரீப்பின் ஆட்கள் கான்கிரீட்டை உடைக்கிற மிஷினோடு வந்து, கொஞ்சம் எழுந்திருங்கம்மா என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. மிலாடா அவர்களைக் கையமர்த்தி வெளியே நிற்கச் சொன்னாள்.